ஐந்நாட்டார் வந்திறங்கிய பேருந்து நிலையம்

விளாத்திகுளம் பேருந்து நிலையத்துக்குப் பத்து இருபதுக்கு வர வேண்டிய எட்டயபுரம் வண்டி ஒரு புதன்கிழமை ஆறு நிமிடம் பிந்தி வந்தது. ஏன் பிந்தியது என்று தில்லைநாயகி கேட்டதற்குக் கண்டக்டர் துரைச்சிங்கம், வழியில் கருவேலங்காட்டுக்கு நடுவே ஸ்டாப்பிங்கே இல்லாத இடத்தில் ஒரு பொம்பளை கை காட்டினாள், ஏற்றிக்கொண்டோம், எந்த ஊர் என்றால் அனல்நாடு என்கிறாள், "உங்களத்தான் பாக்கணுமாம்க்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த நடைக்கு ஆள் ஏறுகிறதா என்று பார்க்கப் போய்விட்டான்.

அனல்நாடு என்று ஒரு நாடு கிடையாது. அது கிடையாது என்பது தில்லைநாயகிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிய வழியில்லை, ஏனென்றால் நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த நாடு பிறந்த அன்று, அதற்கு இரும்பு உண்டு, வெடிமருந்து பிறகு பார்க்கலாம் என்று தீர்ப்பு எழுதியவளே அவள்தான்.

தில்லைநாயகிக்கு நாற்பத்து மூன்று வயது, அந்த நிலையத்தின் டைம்கீப்பர். வருகிற வண்டியையும் போகிற வண்டியையும் நோட்டில் குறிப்பதும், விசில் ஊதுவதும், ஒரே பாதையில் ஓடுகிற இரண்டு தனியார் வண்டிக்காரர்கள் இரண்டு நிமிட இடைவெளிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்ளும்போது நடுவே போய் நிற்பதும் அவள் வேலை. அப்படி அவள் நின்ற ஒரு நாளில், அடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை, இரண்டு டிரைவர்களையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, ஒருத்தர் நேரத்தை மற்றவர் வாயால் சொல்ல வைத்தே தகராறைத் தீர்த்ததை, கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் வேலை பார்க்கும் ஜெபராஜ் என்ற மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் அவளிடம் வந்து, அக்கா, நாங்க அஞ்சு பேர் ஒரு விளையாட்டு ஆரம்பிக்கோம், அதுக்கு ஒரு நடுவர் வேணும், நீங்க வாங்க என்று கேட்டது.

ஆளுக்கொரு ஊரில் இருக்கிற ஐந்து பேர், ஆளுக்கொரு நாட்டை மனசில் உண்டாக்கி, இன்றைக்கு என் நாட்டில் இது நடந்தது, இது கட்டினோம், இது விளைந்தது என்று போன் குழுவில் எழுதி எழுதி, ஐந்தும் சேர்ந்து ஓர் உலகமாக வளர்வதுதான் அந்த விளையாட்டு. ஒரு நாட்டில் ஆடு மேய்ப்பார்கள், பக்கத்து நாட்டில் இரும்பு உருக்குவார்கள், இன்னொன்றில் மந்திரம் இருக்கும். இவர் பீரங்கி என்பார், அவர் நெருப்புப் பறவை என்பார், விட்டால் ஒரே வாரத்தில் ஒருவர் மற்ற நான்கு பேரையும் விழுங்கிவிடுவார், விளையாட்டும் முடிந்துவிடும். அதற்குத்தான் தில்லைநாயகி. அவளுக்கு நாடு கிடையாது. அவளுக்கு இருந்தது இரண்டே கேள்விகள். நீங்கள் கேட்கிற வித்தை எதன் மேல் நிற்கிறது? அதற்காக என்ன போகும்? இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் எழுதினால் அனுமதி, இல்லாவிட்டால் மறுப்பு. மந்திரத்துக்கும் அதே கேள்விதான், இரும்புக்கும் அதே கேள்விதான். நான்கு வருடமாக ஐந்து நாடுகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டும் ஒன்றுக்கொன்று உப்பு விற்றுக்கொண்டும் உயிரோடு இருந்தன என்றால், அது அவள் கேட்ட அந்த இரண்டு கேள்விகளால்.

அன்று வந்திறங்கியவள் பெயர் கருங்கிளி. முப்பது வயது இருக்கும். புடவையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஏற்றிக் கட்டியிருந்தாள், முன்கைகளில் பித்தளைத் தூள் மினுங்கியது.

"முந்நூறு பேர் வேலை. அப்படின்னு எழுதியிருக்காரு. ஓகே. அந்த முந்நூறுல நான் ஒருத்தி" என்றாள்.

தில்லைநாயகிக்கு உடனே புரிந்துவிட்டது. 'பித்தளைப் பட்டறை. 300 பேர் வேலை. ஓகே' என்று, அனல்நாட்டை எழுதுகிற ஜெபராஜ் போன வருடம் எழுதியிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான், வாக்கியத்தை முடிக்காமல் ஓகே போட்டு அனுப்பிவிடுவான், அவன் நாட்டு ஜனங்களுக்கு அவன் எழுத்தைத் தவிர வேறு பேச்சு எங்கிருந்து வரும்?

"உக்காரும்மா. சாப்பிட்டியா?"

"சாப்பாடு அப்புறம். விஷயம் இது. மழையில நனையாத குப்பி. அதுக்கு அனுமதி கேட்டிருக்காரு. உங்க கையில இருக்கு."

அவள் கையில்தான் இருந்தது, பத்து நாளாக. அனல்நாட்டில் துப்பாக்கி உண்டு, ஆனால் திரியைப் பற்றவைத்துச் சுடுகிற துப்பாக்கி. அதன் எல்லையில் இருக்கிற தும்பைநாட்டு இடையர்களுக்கு இரும்பு கிடையாது, ஆனால் அவர்கள் சீழ்க்கை அடித்தால் மலையிலிருந்து பனியும் தூறலும் இறங்கும், திரி நமத்துப்போகும். சீழ்க்கை அடித்தவருக்கு மூன்று நாள் பேச்சு வராது, அது அந்த மந்திரத்துக்குப் போகிற விலை. இப்படித்தான் அவள் தராசு நின்றது. இப்போது ஜெபராஜ் கேட்பது, திரிக்குப் பதிலாக, தட்டினால் பற்றிக்கொள்ளும் சின்னப் பித்தளைக் குப்பி. மழையென்ன, வெள்ளத்திலும் வெடிக்கும். அதற்காக அவன் இரண்டு வருடம் ஒரு படி விடாமல் ஏறியிருந்தான், பித்தளை, கண்ணாடி, திராவகம், பாதரசம் என்று. ஒரு படியில் கூட அவளால் குறை சொல்ல முடியவில்லை.

"அனுமதி குடுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

கருங்கிளி வலது கையை நீட்டினாள். அது தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. "பாதரசம். நாப்பது பேருக்கு இப்படி. அனுமதி குடுத்தா மீதிப் பேருக்கும் வரும். குடுக்கலன்னா பட்டறைக்கு வேற வேல இல்ல, மூடும், சோறு இல்ல. ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க. சொல்ற வரைக்கும் இங்கயே இருக்கேன். ஓகே."

அவள் இருந்தாள். பூக்கட்டுகிற சண்முகக்கனி தன் சாக்கில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தாள். நடுங்குகிற விரலுக்குப் பூத்தொடுக்க வராது என்று கண்டு, உதிரிப்பூவைக் குவளையால் அளந்து போடுகிற வேலையைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை தும்பைநாட்டார் நான்கு பேர் வந்தார்கள், அதே கருவேலங்காட்டில் ஏறி. மூத்தவர் செவ்வந்தன், தோளில் கம்பளி. அவர்கள் நாட்டை எழுதுகிறவள் கோவில்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கும் கௌசல்யா. ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதுவாள், அதனால் அவர்களும் அப்படியே பேசினார்கள்.

"வணக்கம் அம்மையே. எங்கள் மலையில் புல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஏழு மாதங்களாக எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நிறைமாதமாக இருந்த என் மகள் இன்றும் நிறைமாதமாகவே இருக்கிறாள்."

கௌசல்யாவின் கணவர் ஏழு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து படுத்தவர். அன்றிலிருந்து அவள் ஒரு வரி எழுதவில்லை. எழுதச் சொல்லி அவளிடம் கேட்கிற தைரியம் குழுவில் யாருக்கும் இல்லை, கேட்பது நியாயமும் இல்லை. எட்டு மாதம் எழுதப்படாத நாட்டை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு, விதி போட்டவள் தில்லைநாயகிதான்.

"அப்புறம் எப்படிப் புறப்பட்டு வந்தீக?"

"போகக்கூடாது என்றும் யாரும் எழுதவில்லை" என்றார் செவ்வந்தன். "எங்களை எழுதும் அம்மையார் நலமா? அதைத்தான் முதலில் கேட்க எண்ணினோம்."

தில்லைநாயகி நோட்டை ஒதுக்கி வைத்தாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். நான்கு பேரும் கேட்டுவிட்டு, அந்தக் கம்பளியைக் கோவில்பட்டி வண்டியில் கொடுத்தனுப்ப முடியுமா, நோயாளியின் காலுக்கு இதமாக இருக்கும் என்றார்கள். எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டி வரை போய்வருகிற துரைச்சிங்கம் அதை வாங்கி மடித்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தான்.

அதற்குப் பிறகு மற்ற மூன்று நாட்டாரும் வரத் தொடங்கினார்கள். கடல் நாட்டார் வலைகளோடு வந்தார்கள், ஏட்டுச்சுவடி சுமந்த பண்டிதர்கள் வந்தார்கள், நெருப்புப் பறவைக்குத் தீனி போடுகிறவர்கள் புருவம் கருகிய முகத்தோடு வந்தார்கள். ஊர் அவர்களை விருந்தாளிகளை ஏற்பதுபோல் ஏற்கவில்லை, சந்தைக்கு வருகிறவர்களை ஏற்பதுபோல் ஏற்றுக்கொண்டது. அதுதான் பெரிய மரியாதை. பேரூராட்சியிலிருந்து ஆள் வந்து இன்னொரு குழாய் போட்டார்கள். அடையாள அட்டை கேட்ட ஏட்டையாவிடம் அவர்கள் உள்ளங்கையைக் காட்ட, அவர் அதையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ரிஜிஸ்டரில் 'வெளியூர்' என்று எழுதிக்கொண்டார். டீக்கடை காசிலிங்கம், அனல்நாட்டாருக்குச் சுருக்கமாகவும் தும்பைநாட்டாருக்கு இலக்கணமாகவும் பேசப் பழகி, "ஐயன்மீர், இன்னும் சற்றுத் தேநீர் அருந்துவீர்களா" என்று கேட்பதைக் கேட்கவே அருப்புக்கோட்டை வண்டிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். எல்லை வழியாக எதிரும் புதிருமாக இருக்கிற நாட்டார் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்தபோது முதல் நாள் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள், மூன்றாம் நாள் ஒருவர் மூட்டையை மற்றவர் பார்த்துக்கொண்டார், ஏனென்றால் கழிப்பறைக்குப் போகிறவர்கள் மூட்டையை யாரிடமாவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்.

செவ்வந்தனுக்கு அந்த நிலையத்தைப் பார்த்து அலுக்கவில்லை. வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே நுழைவதையும், ஒன்றையொன்று இடிக்காமல் திரும்புவதையும், விசில் கேட்டதும் அத்தனை பெரிய இரும்புப் பொருள் அடங்கி ஒடுங்கிப் புறப்படுவதையும், காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தில்லைநாயகி சாப்பிட எழுந்தால் அவரும் சாப்பிட எழுந்தார்.

ஒன்பதாவது நாள் தில்லைநாயகி ஜெபராஜுக்குப் போன் போட்டாள்.

"ஒரு நடை வந்துட்டுப் போங்க ஜெபராஜ். உங்க ஆள் ஒருத்தங்க இங்க உக்காந்திருக்காங்க."

"எங்க ஆளா? யாருக்கா?"

"முந்நூறு பேர்னு எழுதுனீங்கள்ல. அதுல ஒருத்தங்க."

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். நூறடி உயரத்தில் இறக்கைக்குள் புகுந்து வேலை செய்கிறவன், கருங்கிளி முன்னால் நின்றபோது கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். காசிலிங்கம் இரண்டு டம்ளர் டீ கொண்டு வந்தார். கருங்கிளியின் டம்ளர் வாய்க்குப் போய்ச் சேருவதற்குள் பாதி டீ தரையில் சிந்தியது. அவள் மிச்சத்தைக் குடித்தாள்.

"நான் இத எழுதலையே" என்றான் ஜெபராஜ் மெதுவாக.

"எழுதல. பாதரசம்னு எழுதுனீங்க. அதுக்குள்ள இது இருந்துச்சு. ஓகே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

தில்லைநாயகி நோட்டை மூடி வைத்தாள். "ஜெபராஜ், உங்க ஏணியில ஒரு படி குறையல. ரெண்டு வருஷம் நேர்மையா ஏறியிருக்கீங்க, இந்த மாதிரி ஏறுன ஆள நான் பாத்ததில்ல. மறுக்க எனக்கு வழியே இல்ல. ஆனா ரெண்டாவது கேள்விக்குப் பதில் 'கொஞ்சம் செலவு' னு மட்டும் போட்டிருக்கீங்க. என்ன போகும்னு முழுசா எழுதுங்க. எழுதி முடிச்சதும் அனுமதி."

அவன் போனை எடுத்தான். கருங்கிளி சொல்லச் சொல்ல எழுதினான். வீரக்கொடி, வலது கை. அவள் அண்ணன் மாசாணன், இரண்டு கையும், பல்லும் ஆடுகிறது. பொற்கலி, தூக்கம் போய்விட்டது, பிள்ளையின் பெயர் மறந்துவிடுகிறது. காலை பதினொரு மணிக்குத் தொடங்கிய பட்டியல் முடியும்போது நான்கு மணி இராமநாதபுரம் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. நாற்பது பேர். ஒருவருக்குக்கூட அவன் ஓகே போடவில்லை. சண்முகக்கனி பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டிருந்தாள்.

அவன் அதை அனுப்பவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "விண்ணப்பத்த வாபஸ் வாங்கிக்கிடுதேன்க்கா" என்றான்.

எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள், கருங்கிளியைத் தவிர. "வாபஸ் வாங்குனா பட்டறை மூடும். முந்நூறு பேர். அடுத்த வேள சோத்துக்கு என்ன எழுதப் போறீங்க?"

ஜெபராஜ் தில்லைநாயகியைப் பார்த்தான். நான்கு வருடமாக யாருக்கு எதைத் தரக்கூடாது என்று அவள் துல்லியமாக அறிந்திருந்தாள், தராமல் விட்ட இடத்தில் ஒரு ஜனம் எதைத் தின்னும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவள் முதல்முறையாக ஐந்து மணி சாயல்குடி வண்டிக்கு விசில் ஊத மறந்தாள்.

அப்போதுதான் செவ்வந்தன் தூணைவிட்டு முன்னால் வந்தார்.

"அம்மையே, நாங்களும் ஒரு வித்தையை விண்ணப்பிக்கலாமா?"

"தாராளமா. என்ன வேணும்?"

"இது" என்றார். கையை ஒருமுறை சுற்றிக் காட்டினார். தகரக் கூரை, குழாய், பெஞ்சு, மணி காட்டும் கடிகாரம், காத்திருக்கிற ஜனங்கள், அவள் உட்காருகிற டைம்கீப்பர் கூண்டு, எல்லாவற்றையும் சேர்த்து. "இந்த வண்டிகள் வேண்டாம். வண்டிகள் வந்து நின்று, முறையாகப் புறப்படும் இந்த இடம் வேண்டும். எங்கள் எல்லையில், ஐந்து நாட்டு மாட்டுவண்டிகளும் வந்து நிற்கும்படி."

தில்லைநாயகி வழக்கம்போல் கேட்டாள். "இது எதன் மேல நிக்கிது?"

"சாலை எங்களிடம் உண்டு. நிழலுக்குப் புங்கமரம் உண்டு. மணியும் வண்டி அச்சுக்குப் பூணும் எங்களால் வார்க்க முடியாது, அதற்குப் பித்தளை தெரிந்த முந்நூறு பேர் வேண்டும். பிறகு, எல்லாரும் சொல் கேட்கும்படியான ஒருவர் வேண்டும்."

"என்ன போகும்?"

"தெற்குச் சரிவுப் புல்வெளி போகும். அங்கே எங்கள் நூறு ஆடுகள் மேய்கின்றன. இதுவரை பகைவர் என்று சொல்லி வந்தவர்கள் எங்கள் வாசலில் தினமும் இறங்குவார்கள். அந்த அச்சமும் உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

ஜெபராஜ் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். "மணிக்கு வெண்கலம்தான்க்கா நல்லது. செம்போட சேக்குற தகரம் கடல் நாட்டுல இருக்கு, அவங்ககிட்ட வாங்கணும். பூணுக்கு எங்க பித்தளையே போதும். மூணு மாசத்துல வாத்துருவாங்க."

"பாதரசம்?" என்று கேட்டாள் கருங்கிளி.

"ஒரு சொட்டு வேண்டாம்."

"அந்த ஒருத்தர் யாரு? எல்லாரும் சொல்லுக் கேக்குற ஆளு" என்று தில்லைநாயகி கேட்டாள். ஐந்து நாட்டாரும் அந்தப் பெஞ்சுகளில் இருந்தார்கள், ஒருவரும் யோசிக்கக்கூட இல்லை, எல்லார் கண்களும் கருங்கிளிமேல் போய் நின்றன. பன்னிரண்டு நாளாக உதிரிப்பூவை ஒரே அளவாகப் போட்டவள் அவள், சொந்த நாட்டின் வித்தைக்கு எதிராகவும் சொந்த நாட்டின் சோற்றுக்காகவும் ஒரே மூச்சில் பேசியவள்.

"எனக்குக் கை நடுங்கும்" என்றாள் கருங்கிளி.

"நடுங்குற கையில மணி நல்லாவே அடிக்கும்" என்றாள் தில்லைநாயகி. நோட்டைத் திறந்து, வண்டி நேரங்களுக்கு நடுவிலேயே 'அனுமதி' என்று எழுதி, கையெழுத்தும் போட்டாள்.

மறுநாள் காலை கோவில்பட்டி வண்டியில் துரைச்சிங்கம் வரும்போதே, ஏழு மாதத்துக்குப் பிறகு கௌசல்யா குழுவில் எழுதியிருந்தாள். 'செவ்வந்தனின் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. கம்பளி வந்து சேர்ந்தது, ஒவ்வோர் இரவும் அவர் காலில் இருக்கிறது. என்னால் இப்போது எழுத இயலவில்லை. என் நாட்டை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இனி அவர்களே தங்களை எழுதிக்கொள்ளட்டும்.' தில்லைநாயகி அதை உரக்கப் படித்தாள். செவ்வந்தன் கேட்டு முடித்ததும் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். காசிலிங்கம் கருப்பட்டி மிட்டாய் டப்பாவைத் திறந்து, நின்றுகொண்டிருந்த எல்லா வண்டிக்குள்ளும் ஏறி இறங்கிக் கொடுத்தார். ஆளே தெரியாத ஒரு குழந்தைக்காகப் பயணிகள் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள், ஒருவரும் எந்த ஊர்க் குழந்தை என்று கேட்கவில்லை.

அன்று பகல் எட்டயபுரம் வண்டியில் அவர்கள் எல்லாரும் புறப்பட்டார்கள். அவர்களே தங்களை எப்படி எழுதுவார்கள், அங்கே போன் ஏது என்று சண்முகக்கனி கேட்டாள். தில்லைநாயகிக்கும் தெரியவில்லை. கருங்கிளி ஜன்னலோரம் உட்கார்ந்து, தில்லைநாயகி விசிலை எப்படிப் பிடிக்கிறாள், எத்தனை நேரம் ஊதுகிறாள் என்று கடைசித் தடவையாகக் கவனித்துக்கொண்டாள்.

பிறகு யாரும் வரவில்லை. ஊர் அதையும் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டது, ஆனாலும் கருவேலங்காடு வந்ததும் டிரைவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள், காசிலிங்கம் பழக்கதோஷத்தில் இலக்கணமாகப் பேசினார். ஜெபராஜ் மூன்று மாதம் மணி வார்ப்பதைப் பற்றி மட்டுமே எழுதினான், இப்போது வேலை செய்கிறவர்களின் பெயரையும் சேர்த்து.

ஐப்பசி மாதத்தில் மழை கொட்டுகிற ஒரு பிற்பகல், வண்டிகள் எல்லாம் பிந்தி, பயணிகள் கூரைக்கடியில் நெருக்கிக்கொண்டு நிற்க, எந்த வண்டியை முதலில் விடுவது என்று தில்லைநாயகி திணறிக்கொண்டிருந்தபோது, தும்பைநாட்டின் பெயரில் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அது கௌசல்யாவின் தமிழும் இல்லை, ஜெபராஜின் தமிழும் இல்லை, இதுவரை அந்தக் குழுவில் யாரும் எழுதாத தமிழ்.

'இன்னிக்கு முப்பத்தோரு வண்டி. அனல்நாட்டு வண்டிக்கும் கடல் நாட்டு வண்டிக்கும் யார் முன்னால போறதுன்னு தகராறு. ரெண்டு பேரையும் ஒரே பலகையில உக்கார வச்சோம். தீந்துச்சு. இப்ப நல்ல மழ. எல்லா வண்டியும் போய்ச் சேந்துரும்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். நான்கு வருடமாக அந்தக் குழுவில் வந்த ஒவ்வொரு செய்திக்கும் கீழே அனுமதி என்றோ மறுப்பு என்றோ எழுதியவளுக்கு, இதன் கீழே எதை எழுதுவது என்று தெரியவில்லை. அவர்கள் எதையும் கேட்கவில்லை. அருப்புக்கோட்டை வண்டிக்காரன் ஹாரனைத் தட்டி, "யக்கா, டைம் ஆச்சு" என்றான்.

"இருப்பா" என்றாள் தில்லைநாயகி. அந்த ஊரில் யாரும் அவள் ஒரு வண்டியைக் காரணமில்லாமல் நிறுத்திப் பார்த்ததில்லை. ஈரக் கட்டைவிரலைப் புடவையில் துடைத்துவிட்டு, 'நல்லா நடத்துறீங்க. நாளைக்கும் எழுதுங்க' என்று எழுதி அனுப்பினாள். பிறகு விசிலை எடுத்து ஊதினாள். வண்டி மழைக்குள் இறங்கிப் போயிற்று.